வாடகை பாக்கி விழுந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? தமிழ்நாட்டு வாடகைப் பதிவுத் தளம் முதல் வாடகை நீதிமன்றம் வரை ஒரு மதிப்பீடு

முதன்முதலாக வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கு இரண்டு மாதம் வாடகை வரவில்லை என்றதும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனைகள் நான்கு. மோட்டாரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, ஸ்டேஷனில் கம்ப்ளெயின்ட் கொடு, ப்ரோக்கரை விட்டுப் பேசச் சொல். முதல் இரண்டும் பாக்கி வைத்தவரைப் புகார்தாரராக்கி, ஓனரை எதிர்த்தரப்பில் நிறுத்திவிடும். மூன்றாவது “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்ற பதிலோடு முடியும். நான்காவதில் சில சமயம் காரியம் நடக்கும். ஆனால் எழுத்தில் எதுவும் இருக்காது என்பதால், வாய்ச்சொல் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கென்றே அரசு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் நிறைவேற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு பதிவு இணையதளம், ஒரு வாடகை அதிகார அமைப்பு, ஒரு வாடகை நீதிமன்றம், மேல்முறையீட்டுக்கு ஒரு தீர்ப்பாயம். பாக்கிப் பிரச்சினையில் மாட்டிய புது ஓனருக்கு இவற்றில் எது எவ்வளவு உதவும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டுச் சாவியைக் கொடுத்தவருக்கு இது நல்ல ஏற்பாடு. பதிவு செய்யாமல் விட்டவருக்கு இதே ஏற்பாடு முதல் படியிலேயே தடுக்கும்.

பதிவு இணையதளம்

டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்பது தளத்தின் முகவரி. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும், போட்டதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதை வீட்டிலிருந்தே செய்து முடிக்கத்தான் இது. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள படிவத்தின் விவரங்களை நிரப்ப வேண்டும்: ஓனர் பெயர், குடியிருப்பவர் பெயர், வீட்டின் விவரம், சாவி கொடுத்த தேதி, வாடகை, கரண்ட்டுக்கும் தண்ணீருக்கும் யார் கட்டுவது, வீட்டோடு கொடுத்த சாமான்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் இரு தரப்பு அடையாளச் சான்றுகளையும் சேர்க்க வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ஒரு பதிவு எண் கிடைக்கும். அந்த எண்தான் பின்னால் நீதிமன்ற மனுவின் முதுகெலும்பு.

இந்தத் தளத்தின் பெரிய பலம், ஓனரும் குடியிருப்பவரும் எங்கும் போய் வரிசையில் நிற்க வேண்டாம் என்பது. பெரிய பலவீனம், பதிவு செய்ய வேண்டிய அவசியம் பலருக்கும் தெரியாமலே இருப்பது. “பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிவு வேண்டாம்” என்று ஊரே சொல்லும். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கான கணக்கு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை அங்கே பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அந்தப் பதினோரு மாதம். வாடகைச் சட்டத்தின் பதிவுக்கு இந்த விலக்கு கிடையாது. பதினோரு மாதமானாலும் ஆறு மாதமானாலும் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின் கீழ் எந்த உரிமையையும் உண்டாக்கவோ மாற்றவோ செய்யாது, சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்படாது என்று 4-ஏ பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பாக்கி விழுந்த பிறகு இதைக் கண்டுபிடிக்கும் ஓனர்கள்தான் அதிகம். அப்போது கையெழுத்துக்காகக் குடியிருப்பவரிடம் போய் நிற்க வேண்டிய நிலை வரும், அவர் ஏன் போடப் போகிறார்?

இணையத்தில் காசு கட்டினால் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் அடித்து வீட்டுக்கே அனுப்பும் தனியார் சேவைகள் இருக்கின்றன. வாசகங்கள் சுத்தமாக இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் வாங்கித் தருவதும் இதில் சேர்த்தியா? “நோட்டரி பண்ணித் தருவோம்” என்பது இதற்குப் பதில் அல்ல. நோட்டரி முத்திரை இந்தப் பதிவுக்கு ஈடாகாது.

சட்டம் நகர்ப்புறப் பகுதிகளுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். வீடு ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் போவது என்பதை வக்கீலிடம் உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த அடி.

வாடகை அதிகார அமைப்பு

துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இதன் பொறுப்பில் இருப்பார். பதிவு, வாடகையைத் திருத்தி நிர்ணயிப்பது, ஓனர் வாங்க மறுத்த வாடகையைப் பெற்று வைப்பது, தண்ணீர் கரண்ட் துண்டிப்புப் புகார் ஆகியவை இங்கே வரும். காலி செய்ய உத்தரவிடுவது இவர் வேலை அல்ல. பாக்கிக்காக இங்கே மனு எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் தப்பான கவுண்ட்டரில் நிற்கிறார்கள்.

ஆனால் ஓனருக்கு எதிராக இந்த அலுவலகம் எப்படித் திரும்பும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கோபத்தில் “உன் பணமே வேண்டாம், வீட்டைக் காலி பண்ணு” என்று சொல்லி, தாமதமாக வந்த வாடகையைத் திருப்பி அனுப்பினால், குடியிருப்பவர் மணியார்டர் அனுப்பிப் பார்த்துவிட்டு இங்கே டெபாசிட் செய்ய வழி இருக்கிறது. அப்படிச் செய்துவிட்டால் ‘பாக்கி’ என்ற உங்கள் காரணமே ஆட்டம் காணும். வருகிற பணத்தை ஒருபோதும் மறுக்க வேண்டாம். வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது கொடுங்கள், ரசீதில் எந்த மாதக் கணக்கில் வரவு வைத்தீர்கள் என்று எழுதுங்கள். எந்த மாதத்துக்கு என்று கொடுப்பவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் தீர்மானிக்கலாம் என்பது ஒப்பந்தச் சட்டம் தரும் உரிமை. பழைய மாதத்தில் வரவு வைப்பதே முறை.

கேட்பு நோட்டீஸ்

இந்த ஏற்பாட்டில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் வேலை செய்வது இதுதான். மிக அதிகம் கெட்டுப்போவதும் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சட்டத்தின் 21(2)(பி) பிரிவு சொல்வது இது: இரண்டு மாத வாடகையும் மற்ற கட்டணங்களும் பாக்கி. அதைக் கேட்டு ஓனர் நோட்டீஸ் கொடுக்கிறார். நோட்டீஸ் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டவில்லை. அப்போதுதான் காலி செய்யக் கேட்கும் உரிமை பிறக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டிவிட்டால் குடியிருப்பவர் தப்பித்துவிடுவார். ஆனால் ஒருமுறை அப்படித் தப்பியவர், அதன் பின் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் அதே சலுகையை இன்னொரு முறை கேட்க முடியாது. முதல் நோட்டீஸுக்குப் பணம் வந்துவிட்டது என்று அந்த நோட்டீஸையும் தபால் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கே கெடுகிறது? பழைய பழக்கத்தில் பல நோட்டீஸ்கள் “15 நாளில் காலி செய்து ஒப்படைக்கவும்” என்று போகின்றன. அது சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவில் மாதாமாத வாடகையை முடித்துக்கொள்ளும் அறிவிப்புக்கான கெடு. வாடகைச் சட்டத்தில் பாக்கிக்காகப் போவதென்றால், நோட்டீஸ் முதலில் பணத்தைக் கேட்க வேண்டும், ஒரு மாதம் தர வேண்டும். வக்கீல் நகலைக் காட்டும்போது இந்த இரண்டும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். சங்கடப்பட வேண்டிய விஷயமே இல்லை.

தொகை துல்லியமாக இருக்க வேண்டும். “சுமார் நாற்பதாயிரம் ரூபாய் பாக்கி” என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ‘சுமார்’ மீதே முதல் வாய்தாவை ஓட்டுவார். கணக்கு இப்படி வரியாக வர வேண்டும். மாத வாடகை 15,000, மெயின்டனன்ஸ் 1,500, மாதம் 5-ம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் 10,000 மட்டும் வந்தது, மீதி 6,500. ஜூலை 16,500. ஆகஸ்ட் 16,500. இதுவரை 39,500. குடியிருப்பவர் கட்ட வேண்டிய கரண்ட் பில் 2,340-ஐ இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க ஓனரே கட்டியிருந்தால், ரசீது எண்ணோடு தனி வரியில். மொத்தம் 41,840. வட்டிக்கு இன்னொரு வரி, எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்பதோடு. கரண்ட் இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால் அந்தப் பாக்கி கடைசியில் உங்கள் தலையில்தான் வந்து விழும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை இணைப்பு எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நோட்டீஸின் நடு வாசகம் இவ்வளவு இருந்தால் போதும்: “மேற்கண்ட கணக்கின்படி தாங்கள் செலுத்த வேண்டிய ரூ. 41,840-ஐயும் வட்டியையும் இந்த அறிவிப்பு கிடைக்கப்பெற்ற ஒரு மாதத்துக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் முழுமையாகச் செலுத்தக் கோருகிறேன். தவறினால் சட்டத்தின் 21(2)(பி) பிரிவின்படி வாடகை நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்.” மேலே பதிவு எண்ணும் ஒப்பந்தத் தேதியும். திட்டு, மிரட்டல், “உன்னை நம்பி வீட்டைக் கொடுத்தேன்” எதுவும் வேண்டாம்.

அனுப்பும் முறையும் சட்டத்தில் இருக்கிறது: தபாலில், அல்லது நேரில் அவரிடம், அல்லது அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ, இவை முடியாதபோது வீட்டின் எடுப்பான இடத்தில் ஒட்டுவது. 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. கவுண்ட்டரில் விலாசதாரர் கையில்தான் சேர வேண்டும், சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். “வாங்க மறுத்தார்” என்று எழுதித் திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு உண்டு. வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் போடலாம். ஆனால் அது மட்டும் போதாது. செய்திகளைச் சான்றாகக் கொடுப்பதானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்கான 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

ஒரு மாதம் என்பது தபால் போட்ட நாளிலிருந்து அல்ல. ஆகஸ்ட் 8-ல் போட்டு 12-ல் சேர்ந்தால், செப்டம்பர் 12 கழிய வேண்டும். 9-ம் தேதியே மனு போட்டால் “காலத்துக்கு முந்தியது” என்ற ஒற்றை வாதத்தில் எல்லாம் வீணாகும்.

வாடகை நீதிமன்றம்

சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இது நடக்கிறது. வழக்கு எண் ஆர்.எல்.டி.ஓ.பி. என்று தொடங்கும். பழைய வாடகைக் கட்டுப்பாட்டு வழக்கோடு ஒப்பிட்டால் நிச்சயம் முன்னேற்றம்தான். சாட்சியம் பிரமாணப் பத்திரமாகவே போகும், ஒப்பந்தம் முன்னாலேயே பதிவாகியிருப்பதால் “நான் வாடகைக்கே இல்லை” என்ற வகை வாதங்கள் எழாது. காரணம் குறுகியது: இவ்வளவு பாக்கி, இந்தத் தேதி நோட்டீஸ், ஒரு மாதம் கழிந்தது. வழக்கு நடக்கும்போதே நடப்பு வாடகையைக் கட்டச் சொல்லிக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. அந்த மனுவை முதல் நாளே சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பல ஓனர்கள் இதை விட்டுவிட்டு, வழக்கு நடக்கும் மாதங்களின் வாடகையையும் சேர்த்து இழக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. காலி செய்யும் உத்தரவும் பாக்கி வசூலும் ஒன்றல்ல என்பது பலருக்கும் கடைசியில்தான் புரிகிறது. பணத்துக்கு எந்த மனு, எங்கே என்று ஆரம்பத்திலேயே வக்கீலிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். பாக்கி வாடகை வசூலுக்குக் காலவரம்பு, ஒவ்வொரு மாத பாக்கியும் விழுந்த நாளிலிருந்து மூன்று வருடம். உத்தரவு வந்த பிறகும் குடியிருப்பவர் முப்பது நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது. எல்லாம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு, அமீனா வந்து ஒப்படைக்க வேண்டும். பூட்டை உடைக்கும் அதிகாரம் நீதிமன்றம் அனுப்பும் அமீனாவுக்குத்தான், ஓனருக்கு ஒருபோதும் கிடையாது. ஆள் ஊரில் இல்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாலும் இதேதான். காலம் பிடிக்கும் பகுதி பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டம்.

எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதம் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது புதிய சட்டம். “கையில் ஒன்றரை லட்சம் வைத்துக்கொண்டு நாற்பதாயிரம் பாக்கி என்கிறாரே” என்று கேட்டால் நீதிபதிக்கும் அது நியாயமாகத் தோன்றலாம். அட்வான்ஸை மாத வாடகையில் கழிக்கக் கேட்க முடியாது, காலி செய்யும்போது மட்டுமே கணக்குத் தீர்க்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். மூன்று மாதமே வாங்கியவர்களுக்கு இந்த வாதத்தில் பாதி வலு தானாகவே குறைந்துவிடும்.

இன்னொரு கண்ணி: வாடகையை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு கொடுத்துவிட்டு, அதன் பின் வரும் வாடகையைச் சாதாரணமாக வாங்கிக்கொண்டே இருந்தால், அறிவிப்பைக் கைவிட்டுவிட்டதாக வாதிடலாம். ரசீதில் “என் உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று ஒரு வரி எழுதினால் அந்த வழி அடைபடும்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு

விளம்பரமே இல்லாத, ஆனால் மனமார சிபாரிசு செய்யத்தக்க சேவை இது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம்) மனு கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வரும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வீட்டு ஓனர் பெண்ணாக இருந்தாலும் பொருந்தும். கணவரை இழந்து மாடி வாடகையை நம்பி இருக்கும் அம்மாக்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

வேலை போனதாலோ ஆஸ்பத்திரிச் செலவாலோ பாக்கி வைத்த குடும்பத்தோடு இங்கே உட்கார்ந்து பேசுவது நியாயமும்கூட, லாபமும்கூட. மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் தேதி, கடைசித் தேதியில் சாவி என்று எழுதலாம். அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது, ஒரு வருட வழக்கைவிடக் கணக்கில் லாபமாகவே இருக்கும். தவணைக்கு பின்தேதியிட்ட (வரப்போகும் தேதி போட்ட) செக் வாங்கினால், திரும்பி வந்த செக்குக்குப் பேங்க் மெமோ கிடைத்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தவருக்குப் பதினைந்து நாள், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்ற வழி தனியாகக் கிடைக்கும். நோட்டீஸுக்கான முப்பது நாள் ஒரு நாள் தவறினாலும் நீதிமன்றம் அதை மன்னிக்க முடியாது. புகாருக்கான ஒரு மாதம் தவறினால் மட்டுமே தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் காரணம் சொல்லலாம். கெடுத் தேதிகளை காலண்டரில் எழுதி வையுங்கள்.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புக் கடிதம் கட்டாயம்: தேதி, கரண்ட் மீட்டர் அளவு, எத்தனை சாவிகள், வீட்டில் என்னென்ன விட்டுப் போகிறார், அட்வான்ஸில் எவ்வளவு கழித்தது, எவ்வளவு திருப்பிக் கொடுத்தது, இரண்டு கையெழுத்து. கழித்தது போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வராத வாடகைக்கு வருமான வரி கட்டாமல் இருக்கவும் இதே காகிதங்கள் வேண்டும். பாக்கி வைத்தவர் காலி செய்துவிட்டார் அல்லது காலி செய்ய நடவடிக்கை எடுத்தீர்கள், உங்களுடைய வேறு வீட்டில் அவர் குடியிருக்கவில்லை, வசூலிக்கச் சட்ட வழி முயன்றீர்கள் அல்லது முயன்றாலும் பலனில்லை என்று காட்ட முடிந்தால் அந்தத் தொகையை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். பின்னாளில் அந்தப் பணம் வந்தால், வந்த வருடத்தின் வருமானமாகக் காட்டி, அதில் முப்பது சதவீதம் கழிவு எடுத்துக்கொள்ளலாம். நோட்டீஸ் நகல், தபால் அத்தாட்சி, மனு எண், ஒப்படைப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு ஆடிட்டரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.